உழவர் நிதியும் ஏட்டில் இல்லாத உழவரும்

பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு

முன்னுரை

உழவன் நாட்டின் முதுகெலும்பு என்று மேடைதோறும் கேட்கிறோம். அந்த உழவன் யார் என்று அரசின் ஏட்டைப் புரட்டினால் விடை எளிதில் கிடைப்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி, நெல் எனப் பலவும் விளைகின்றன. மானாவாரி நிலமும் மிகுதி. மழை பொய்த்தாலும் பூச்சி விழுந்தாலும் பல குடும்பங்கள் அரசின் உதவியையே எதிர்பார்த்து நிற்கின்றன. அவ்வுதவி யார் கையைச் சேர்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

இருவகை உதவி

அரசின் உதவி இரு வழியாக வருகிறது. ஒன்று, விலையில் கலந்து வருவது. 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50க்குக் கிடைப்பது மானியத்தால்தான். அந்த மானியம் உர நிறுவனத்துக்குச் செல்கிறது. ஆதார் அட்டையைக் காட்டி மூட்டை வாங்குபவர் எவராயினும் பயன்பெறுகிறார். மற்றொன்று, வங்கிக் கணக்குக்கு நேரே வருவது. 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய பி.எம். கிசான் திட்டம் ஆண்டுக்கு ரூ.6,000ஐ மூன்று தவணைகளாகத் தருகிறது. இதற்குச் சொந்தப் பெயரில் நிலம் வேண்டும். குத்தகைக்கு உழுபவருக்கு இதில் இடமில்லை.

சிட்டாவும் அடங்கலும்

வருவாய்த்துறையில் இரு ஏடுகள் உண்டு. நிலம் யாருடையது என்பதைச் சொல்வது சிட்டா. எந்தப் புலத்தில் யார், என்ன பயிர் செய்கிறார் என்பதைப் பசலி ஆண்டுதோறும் சொல்வது அடங்கல். உழைப்பை அறிய உதவுவது அடங்கலே. ஆனால் குத்தகைதாரரின் பெயர் அதில் ஏறுவது அரிது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு அளித்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அவர் உரிமையைப் பதிவு செய்ய வழி செய்தது. பெயரை எழுதிவிட்டால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சத்தால் உடைமையாளர் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்.

படைப்புழு புகட்டிய பாடம்

2018இல் அமெரிக்கப் படைப்புழு நம் நாட்டில் முதன்முறையாகக் காணப்பட்டது. ஒரு பெண் அந்துப்பூச்சி ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். புழு மக்காச்சோளக் குருத்துக்குள் புகுந்துவிட்டால் மருந்து எளிதில் எட்டாது. அவ்வாண்டு பெரம்பலூர் வட்டார மக்காச்சோளம் பெரிதும் அழிந்தது. 2019இல் தமிழக அரசு சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

எங்கள் குடும்பம் குத்தகை நிலத்தில் சாகுபடி செய்வது. விதையும் மருந்தும் கடனில் வாங்கியவர் என் தந்தை. அடங்கலில் அவர் பெயர் இல்லாததால் நிவாரணம் நிலத்துக்காரர் கணக்குக்குச் சென்றது. அவர் நல்லவர், பாதியைக் கொடுத்தார். ஆனால் உழைத்தவனின் உரிமை இன்னொருவரின் நல்ல மனத்தை நம்பி நிற்கலாமா?

மறுபக்கம்

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் போலிகள் புகுவார்கள் என்பர். அதுவும் உண்மையே. 2020இல் கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்ற பலர் பி.எம். கிசான் பட்டியலில் சேர்க்கப்பட்டது வெளியாகி, பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது. ஆயினும் போலியைத் தடுக்க உண்மையான உழவனையும் வெளியே நிறுத்துவது முறையாகாது. ஒடிசா அரசு 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டம், வாரத்துக்கு உழுபவரையும் நிலமற்ற விவசாயத் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது. மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு இது சான்று.

முடிவுரை

குத்தகைப் பதிவால் நில உரிமை மாறாது என்ற உறுதியை உடைமையாளருக்கு அளித்து, சாகுபடி செய்பவர் பெயரை அடங்கலில் ஏற்றி, பயிர் இழப்பு நிவாரணத்தை அப்பெயருக்கே வழங்க வேண்டும். மாணவ நண்பர்களே! நம்மில் பலர் கலப்பை பிடித்த கைகளின் உழைப்பில் கல்லூரிக்கு வந்தவர்கள். இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, நம் வீட்டாரும் அண்டை வீட்டாரும் உழும் நிலத்துக்கு அடங்கலில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்போம். பெயர் இல்லாதவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். நாம் கற்ற எழுத்துக்கு அதைவிட நல்ல பயன் வேறென்ன?