44-ஆம் வரிசையில் நின்ற கணக்கு

அன்புத் தம்பிக்கு,

யாரோ எழுதிய கட்டுரையின் தரவை வாங்கி, அதே கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டார் உன் கைடு என்று வருந்தி எழுதியிருக்கிறாய். அரைத்த மாவையே அரைப்பதற்கா ஆராய்ச்சிக்கு வந்தேன் என்று கேட்கிறாய். தயங்காமல் அரைத்துப் பார், தம்பி.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவருக்கும் வகுப்பில் இதே வேலையைத்தான் கொடுத்தார்கள். கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-ல் வெளியிட்ட கட்டுரையை அவர் எடுத்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வளர்ந்த நாடுகள் 20-ல் அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய ஆண்டுகளில் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது. அரசுச் செலவை வெட்டு என்று சொன்ன அரசியல்வாதிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதை மேற்கோள் காட்டினார்கள். ஒரு சராசரி எத்தனை குடும்பங்களின் வாழ்வைத் தொடக்கூடும் என்று யோசித்துப் பார்.

ஹெர்ண்டனுக்கு அந்த விடை வரவே இல்லை. அவருடைய ஆசிரியர்களே, பையன்தான் எங்கோ தவறு செய்திருக்கிறான் என்று முதலில் நினைத்தார்கள். கடைசியில் கட்டுரையாளர்களிடமே கேட்டார். எக்ஸெல் கோப்பை அனுப்பிவைத்தார்கள். அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன். 30-ஆம் வரிசையிலிருந்து 49 வரை போக வேண்டிய சராசரி ஃபார்முலா 44-லேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விட்டுப்போயிருந்தன.

பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் இந்தப் பிழையால் மட்டும் வந்த வித்தியாசம் 0.3 சதவீதப் புள்ளிதான். நீ பார்க்க வேண்டியது நியூசிலாந்தை. அங்கே கடன் 90-ஐத் தாண்டியிருந்தது 1946 முதல் 1949 வரையிலும் 1951-லும். முதல் நான்கு ஆண்டுகளும் கணக்கில் சேரவில்லை. அவற்றில் மூன்று நல்ல வளர்ச்சி கண்டவை. மிஞ்சியது 1951, மைனஸ் 7.6 சதவீதம். பிரிட்டனுக்கோ 19 ஆண்டுகள், சராசரி 2.4. நாட்டுக்கு ஒரு சராசரி என்று எடுத்ததால் அந்த ஓர் ஆண்டும் இந்த 19 ஆண்டும் சம எடை பெற்றன. ஹெர்ண்டன், தன் ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் இருவருடனும் 2013 ஏப்ரலில் வெளியிட்ட திருத்தக் கணக்கில் மைனஸ் 0.1 இருந்த இடத்தில் 2.2 வந்தது. எக்ஸெல் பிழையை மூலக் கட்டுரையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். எடை போட்ட முறையை விட்டுக்கொடுக்கவில்லை. கடன் மிகுந்த ஆண்டுகளில் வளர்ச்சி குறைவு என்பது திருத்திய கணக்கிலும் தெரிகிறது. 90-ஐத் தாண்டியதும் தலைகுப்புற விழும் என்பதுதான் நிற்கவில்லை.

இப்போது அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் தன் இதழ்களில் கட்டுரை வரும் முன்பே தரவையும் நிரலையும் வாங்கி ஓட்டிப் பார்க்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டுரையாளர்களின் நிரலை அப்படியே ஓட்டினால் அவர்கள் விடைதானே வரும்? விட்டுப்போன நான்கு ஆண்டுகளைத் தேட மூலத் தரவுக்குப் போயாக வேண்டும்.

அதனால் உன் கைடு கொடுத்த கட்டுரையின் நிரலை இப்போதைக்குத் திறக்காதே. கட்டுரையில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து உன் நிரலை எழுது. கெழுக்களை ஒப்பிடுவதற்கு முன் மாதிரியின் எண்ணிக்கை பொருந்துகிறதா பார். பெரும்பாலும் அங்கேயே இடிக்கும். எந்த ஆண்டை எடுத்தாய், எதை ஏன் விட்டாய் என்று அன்றன்றே குறித்து வை. இடித்தால் முதலில் உன் வேலையைச் சந்தேகி. அதன்பிறகும் தீராவிட்டால் கட்டுரையாளருக்கு மரியாதையாக எழுதிக் கேள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். விடை அச்சாகப் பொருந்திவிட்டாலும் அதையும் எழுதி வெளியிடு. பொருந்தியது என்று சொல்லும் கட்டுரைக்கு இதழ்களில் இடம் கிடைப்பது கடினம், எனக்குத் தெரியும்; அப்படியானால் ஆய்வேட்டின் பிற்சேர்க்கையிலாவது சேர்த்துவிடு.

அன்புடன்,
அண்ணன்