குதிரையும் மனிதனும்: வெண்கலம் சொல்லும் கதை

குதிரை தமிழர் வாழ்வோடு நெடுங்காலமாகத் தொடர்புடைய விலங்கு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஐயனார் கோயிலின் முன் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். நம் நாட்டுத் தோட்டப்புறக் கோயில்களிலும் மதுரைவீரன் வெள்ளைக் குதிரையில் வீற்றிருக்கும் உருவத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?' என்று நம் முன்னோர் கேட்டனர். மண் குதிரை நீரில் கரைந்துவிடும். வெண்கலக் குதிரையோ வெயிலையும் மழையையும் தாங்கிப் பல நூற்றாண்டுகள் நிற்கும். அதனால்தான் அரசர்களும் படைத்தலைவர்களும் குதிரைமேல் அமர்ந்த தங்கள் உருவத்தை வெண்கலத்தில் நிறுத்த விரும்பினர்.

அத்தகைய சிலையைக் காணும்போது நாம் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். மனிதன் உண்மையிலேயே குதிரையை அடக்கி ஆள்கிறானா? இரு வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்த இரண்டு சிற்பிகள் இக்கேள்விக்கு இருவேறு விடைகளைத் தந்துள்ளனர்.

முதலாவது சிற்பி இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் சான்ட்ரி. இவர் 1781ஆம் ஆண்டு ஷெஃபீல்டு நகருக்கு அருகில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மரச் செதுக்கு வேலை செய்பவர் ஒருவரிடம் தொழில் பயின்று, படிப்படியாக உயர்ந்து, நாட்டின் புகழ்பெற்ற சிற்பிகளுள் ஒருவரானார். இலண்டனில் சொந்தமாக வார்ப்புப் பட்டறையையும் அமைத்துக்கொண்டார்.

சென்னைத் தீவுத்திடலுக்கு அருகில் நிற்கும் தாமஸ் மன்றோவின் சிலை இவர் வடித்ததே. மன்றோ 1820ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். உழவரிடமிருந்து இடைத்தரகர் இன்றி நேரடியாக நிலவரி பெறும் இரயத்துவாரி முறையைப் பரப்பியவர். 1827ஆம் ஆண்டு சுற்றுப்பயணத்தின்போது வாந்திபேதி நோய் கண்டு இறந்தார். அவர் நினைவாகப் பொதுமக்களிடம் பணம் திரட்டி இச்சிலையை எழுப்பினர். 1839ஆம் ஆண்டு அது திறந்து வைக்கப்பட்டது.

இச்சிலையில் ஒரு புதுமை உண்டு. குதிரையின் முதுகில் சேணம் இல்லை. சவாரி செய்பவர் கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. இதைப் பார்த்தவர்கள் ஒரு கதையைக் கட்டிவிட்டனர். சிற்பி சேணத்தை வைக்க மறந்துவிட்டாராம். தவற்றை உணர்ந்ததும் மனமுடைந்து உயிரை விட்டாராம். இக்கதை இன்றும் பலரால் சொல்லப்படுகிறது.

இது உண்மையா? இதை ஆராய நாம் சான்ட்ரியின் மற்றக் குதிரைச் சிலைகளைப் பார்க்க வேண்டும். இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையும் இவர் வடித்தது. அதிலும் சேணம் இல்லை, அங்கவடி இல்லை. அதே நகரில் 1844ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வெல்லிங்டன் பிரபுவின் சிலையும் இவர் தொடங்கியதே. அதிலும் அங்கவடி இல்லை. ஒரு சிலையில் மறதி ஏற்படலாம். மூன்று சிலைகளிலும் ஒரே மறதி ஏற்படுமா? அதோடு, மன்றோ சிலை திறக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழித்தே, 1841ஆம் ஆண்டில், சான்ட்ரி புகழோடும் செல்வத்தோடும் மறைந்தார். தம் செல்வத்தைக் கலைப்படைப்புகள் வாங்குவதற்காக எழுதி வைத்தார். ஆகவே, சேணத்தை விடுத்தது அவர் விரும்பித் தேர்ந்தெடுத்த முறை என்றே கொள்ள வேண்டும்.

இம்முறைக்குப் பழமையான முன்மாதிரி உண்டு. பண்டைய உரோமானியர் அங்கவடியை அறியாதவர்கள். உரோம் நகரில் உள்ள மார்க்கஸ் அவுரேலியஸ் பேரரசரின் வெண்கலச் சிலையில் அவர் அங்கவடி இன்றியே குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். துணைக் கருவி எதுவுமின்றிக் குதிரையை அடக்கி அமர்வது தலைமைப் பண்பின் அடையாளம் என்று இத்தகைய சிலைகள் உணர்த்துகின்றன. மன்றோவும் அவ்வாறே நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். குதிரையும் அமைதியாக நிற்கிறது. 'ஆள்பவர் கைக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது' என்பதே சான்ட்ரி தரும் விடை.

இத்தகைய சிலைகளைக் கல்லில் செய்வது கடினம். குதிரையின் கனத்த உடலை மெலிந்த நான்கு கால்கள் தாங்க வேண்டும். கல்லில் செதுக்கினால் கால்கள் முறியும் ஆபத்து உண்டு. வயிற்றின் கீழ் முட்டுக் கொடுக்க நேரிடும். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்திற்கு அந்தக் குறை இல்லை. முதலில் களிமண்ணால் உருவம் செய்வர். அதிலிருந்து அச்சு எடுப்பர். ஏறத்தாழ ஆயிரம் பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிய வெண்கலத்தை அச்சில் ஊற்றுவர். பெரிய சிலைகளின் உட்பகுதி வெற்றிடமாக இருக்கும். அவற்றைப் பகுதி பகுதியாக வார்த்து இணைப்பதும் உண்டு. தஞ்சை மாவட்டத்துச் சுவாமிமலையில் வாழும் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய பின் உலோகத்தை ஊற்றுகின்றனர். அவர்கள் வார்க்கும் தெய்வத் திருமேனிகள் பெரும்பாலும் உட்புறமும் நிறைந்தவை.

இரண்டாவது சிற்பி இத்தாலியைச் சேர்ந்த மரினோ மரினி. இவர் 1901ஆம் ஆண்டு பிஸ்தோயா என்னும் ஊரில் பிறந்து, புளோரன்ஸ் நகரில் கலை பயின்றார். பின்னர் மான்சாவிலும் மிலான் நகரிலும் சிற்பக்கலை கற்பித்தார். 1934ஆம் ஆண்டு ஜெர்மனியின் பாம்பெர்க் நகரப் பேராலயத்தில் உள்ள நடுக்காலக் குதிரைவீரன் சிலையைக் கண்டார். அது அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. அதன்பின் குதிரையும் மனிதனும் அவருடைய வாழ்நாள் கருப்பொருளாயினர்.

அவர் செய்த முதல் குதிரைவீரர்கள் அமைதியானவர்கள். ஆனால், இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் மாற்றியது. மிலான் நகரின்மீது குண்டுகள் விழுந்தன. மரினியின் கலைக்கூடமும் அழிந்தது. அவர் தம் மனைவியின் தாய்நாடான சுவிட்சர்லாந்துக்குச் சென்று 1946ஆம் ஆண்டு வரை தங்கினார். குண்டுவீச்சுக்கு அஞ்சி உழவர்களும் அவர்தம் குதிரைகளும் மிரண்டு ஓடிய காட்சி அவரை வாட்டியது.

போருக்குப் பின் அவர் வடித்த குதிரைகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு மாற்றம் புலப்படும். 1948ஆம் ஆண்டு அவர் செய்த 'நகரத்தின் தேவதை' என்னும் சிலை வெனிஸ் நகரக் கால்வாயை நோக்கி நிற்கிறது. அதில் வீரன் இரு கைகளையும் விரித்து வானத்தைப் பார்க்கிறான். குதிரை கழுத்தை நேராக நீட்டுகிறது. மனிதனும் விலங்கும் ஒரே மகிழ்ச்சியில் இணைந்திருக்கின்றனர். அடுத்தடுத்த ஆண்டுகளில் குதிரை மிரளத் தொடங்குகிறது. வீரன் சரியத் தொடங்குகிறான். 'அதிசயம்' என்று பெயரிட்ட வரிசையில் குதிரை செங்குத்தாக எழுகிறது; வீரன் அதன் முதுகிலிருந்து விழுகிறான். இறுதியில் எது குதிரை, எது மனிதன் என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு இரு உருவங்களும் சிதைந்து கிடக்கின்றன.

மரினி வெண்கலத்தைப் பளபளப்பாக விடவில்லை. வார்த்து முடித்த பின் உளியால் கீறினார். சில இடங்களில் வண்ணம் பூசினார். அதனால் அவருடைய குதிரைகள் மண்ணிலிருந்து தோண்டி எடுத்த பழம்பொருள்களைப் போலக் காயப்பட்டுத் தோன்றுகின்றன. தம் காலத்தின் துயரத்தையே இச்சிலைகள் வெளிப்படுத்துகின்றன என்று அவர் விளக்கினார். 1952ஆம் ஆண்டு வெனிஸ் கலைக் கண்காட்சியில் சிற்பத்திற்கான பெரும் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இப்போது இரு சிற்பிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மன்றோவின் குதிரைக்குச் சேணம் இல்லை. மரினியின் குதிரைகளுக்கும் பெரும்பாலும் சேணம் இல்லை; கடிவாளமும் இல்லை. சான்ட்ரியின் சிலையில் சேணம் இல்லாமை மனிதனின் ஆற்றலைக் காட்டுகிறது. மரினியின் சிலையிலோ அதே குறை மனிதன் பற்றிக்கொள்ள எதுவுமின்றித் தவிப்பதைக் காட்டுகிறது. வெற்றிபெற்ற பேரரசு தன் ஆளுநருக்குச் சிலை வைத்தது. போரில் நொறுங்கிய நாட்டின் கலைஞர் தம் மக்களுக்காகச் சிலை செய்தார். ஒரே பொருள், காலத்திற்கும் நோக்கத்திற்கும் ஏற்ப வேறு பொருள் தருகிறது.

இவ்வாறு பார்க்கப் பழகினால், நம் ஊர்ச் சிலைகளும் நம்மோடு பேசும். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கோலாலம்பூர் தேசிய நினைவுச் சின்னத்தை எடுத்துக்கொள்வோம். பெலிக்ஸ் டி வெல்டன் வடித்த அச்சின்னம் 1966ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே ஏழு வெண்கல உருவங்கள் உள்ளன. ஒருவர் கொடியை உயர்த்திப் பிடித்திருக்கிறார். ஒருவர் காயமுற்ற தோழரைத் தாங்குகிறார். எதிரிகள் இருவர் காலடியில் கிடக்கின்றனர். யார் உயரத்தில் நிற்கிறார், யார் கீழே கிடக்கிறார், யார் யாரைத் தாங்குகிறார் என்று கவனித்தால் சிற்பியின் கருத்து விளங்கும்.

சிலையைப் பற்றி ஊரார் சொல்லும் கதை சுவையாக இருக்கலாம். ஆனால், மன்றோ சிலையின் கதையைப் போல அது பிழையாகவும் இருக்கலாம். பிற சிலைகளோடு ஒப்பிட்டு, ஆண்டுகளைச் சரிபார்த்து, உண்மையை அறிவதே கல்வி கற்றவருக்கு அழகு. அடுத்த முறை ஒரு சிலையின்முன் நிற்கும்போது படம் எடுத்த கையோடு நகர்ந்துவிடாதீர்கள். சற்று நேரம் நின்று, அதைச் சுற்றி வந்து பாருங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. மன்றோவின் சிலையில் சேணம் இல்லாததற்கு ஊரார் கூறும் காரணம் யாது? அதனை மறுக்கக் கட்டுரையாசிரியர் காட்டும் சான்றுகள் இரண்டினைக் குறிப்பிடுக.

2. குதிரைச் சிலைக்குக் கல்லைவிட வெண்கலம் ஏற்றதாக இருப்பதேன்?

3. போருக்கு முன்னும் பின்னும் மரினியின் குதிரைவீரர்களில் ஏற்பட்ட மாற்றத்தை விளக்குக.

4. ஆட்சியாளர்களின் பழைய சிலைகளைப் பொது இடங்களில் வைத்திருக்க வேண்டுமா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.