வடையும் தோசையும் பரிமாறும் கணிப்பொறிகள்

ஓட்டலில் பரிமாறுபவரைச் சர்வர் என்கிறோம். இணையத்தில் நாம் கேட்கும் பக்கங்களை அனுப்பும் கணிப்பொறிக்கும் அதே பெயர்தான். பொருத்தமான பெயர்! வடை கேட்டால், தட்டில் அடுக்கியிருப்பதை எடுத்துத் தந்துவிடலாம். தோசை கேட்டால், கல்லில் ஊற்றி வார்த்தாக வேண்டும். எல்லாரும் ஒரே வரிசையில் நின்றால் வடைக்கு வந்தவரும் தோசைக்காரருக்குப் பின்னால் காத்துக் கிடக்க நேரும்.

வலைப்பக்கத்திலும் இவ்விரு வகை உண்டு. படம், சின்னம் போன்றவை யார் கேட்டாலும் ஒன்றே. எடுத்து அனுப்பினால் போதும். இவை நிலைப் பொருள்கள். கேட்ட பிறகு நிரலை ஓட்டி, தகவல்களைத் தேடித் தொகுத்துத் தருவன இயங்கு பொருள்கள். ஒரு பக்கத்தைத் தொகுக்க அரை நொடி ஆகிறது என்று கொள்வோம். ஒரே சமயத்தில் 10 பக்கங்களைத் தொகுக்கும் கணிப்பொறி, நொடிக்கு 20 பேரைத்தான் கவனிக்க முடியும். ஆயத்தமான கோப்பை அனுப்பும் கணிப்பொறியோ ஆயிரக்கணக்கானோருக்குப் பதில் தந்துவிடும். ஆகவேதான் இவ்வேலைகளைத் தனித்தனிக் கணிப்பொறிகளிடம் ஒப்படைக்கிறார்கள்.

விக்கிப்பீடியாவில் படங்களுக்குத் தனிச் சர்வர்கள் உண்டு. கட்டுரைகள் இயங்கு வகை. ஆனால் ஒருமுறை தொகுத்த கட்டுரையின் நகலை முன்வரிசைக் கணிப்பொறிகள் வைத்துக்கொண்டு, அடுத்து வருவோருக்கு அதையே வழங்குகின்றன. தோசை வடையாகிவிடுகிறது! யாராவது கட்டுரையைத் திருத்தினால் அந்த நகல் செல்லாது. மீண்டும் தொகுக்க வேண்டும்.

2009 ஜூன் 25 அன்று அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சன் இறந்தார். அவரைப் பற்றிய கட்டுரையைப் படிக்கப் பெருங்கூட்டம் வந்தது. திருத்தவும் பலர் வந்தனர். ஒவ்வொரு திருத்தத்திலும் நகல் அழிந்தது. கட்டுரையோ மிக நீண்டது. நகல் இல்லாத இடைவெளியில் வந்த கோரிக்கைகள் எல்லாம் பின்வரிசைக்குப் போக, பல கணிப்பொறிகள் அதே கட்டுரையைத் தனித்தனியே தொகுக்கத் தொடங்கின. ஒரே தோசையை எல்லாக் கல்லிலும் வார்த்த கதை! வேறு கட்டுரைகளைத் தேடி வந்தவர்களும் திண்டாடினர்.

பின்னர் 'பூல் கவுண்டர்' என்னும் நிரலைச் சேர்த்தார்கள். ஒரு கட்டுரையை ஒரு கணிப்பொறி தொகுத்துக்கொண்டிருந்தால் மற்றவை அது முடியும்வரை காத்திருக்கும். காத்திருப்போர் மிகுந்தால் பழைய நகலையே காட்டிவிடும்.

பழையதைக் காட்டலாமா என்று கேட்பீர்கள். வெற்றுத் திரைக்கு அது எவ்வளவோ மேல் என்பேன். ஆனால் வங்கிக் கணக்கில் உள்ள இருப்பைக் கேட்பவருக்குப் பழைய நகலைக் கொடுக்க முடியாது. அங்கே ஒவ்வொரு முறையும் புதிதாக வார்த்தே ஆக வேண்டும்.