சிறுநீரகம் ஏன் முதலிடத்தில் இருக்கிறது?

உறுப்பு மாற்று என்றதும் பலருக்கு இதயம்தான் ஞாபகத்துக்கு வரும். சினிமாவில் பார்த்த ஆம்புலன்ஸ் காட்சிகள் அப்படி! ஆனால் உலகம் முழுவதும் அதிகமாக மாற்றப்படுவது சிறுநீரகம். அடுத்தது கல்லீரல். இதயமும் நுரையீரலும் அதற்குப் பிறகுதான்.

காரணம் எளிது. நமக்குச் சிறுநீரகம் இரண்டு இருக்கிறது. ஒன்றை வைத்தே நலமாக வாழலாம். அதனால் பெற்றோர், உடன்பிறந்தவர், கணவன், மனைவி என உயிரோடு இருப்பவரே கொடுக்க முடிகிறது. 1954-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான மாற்று, இரட்டையரில் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்ததுதான். வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே இந்தச் சிகிச்சை வெற்றிகரமாக நடந்துவிட்டது.

தேவையும் அதிகம். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தில் கை வைக்கும். செயலிழந்தாலும் டயாலிசிஸ் செய்துகொண்டு காத்திருக்கலாம். எடுத்த சிறுநீரகம் குளிர்பெட்டியில் ஒரு நாள் வரைகூடத் தாங்கும். இதயத்துக்கோ 4 முதல் 6 மணி நேரம்தான். அதுக்குத்தான் அந்த ஓட்டம்.

'பழசைக் கழற்றிட்டுத்தானே புதுசு வைப்பாங்க?' என்று கேட்பீர்கள். பெரும்பாலும் இல்லை. பழையது அங்கேயே இருக்கும். புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாகப் பொருத்துவார்கள்.

கல்லீரல் ஒன்றுதான் என்றாலும், அதில் ஒரு பகுதியைக் கொடுத்தால் போதும். சில மாதங்களில் இருவரிடமும் வளர்ந்துவிடும். இதயத்துக்கு இந்த வழி இல்லை. பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்துதான் பெறுகிறார்கள். மூளைச்சாவை ஒரே மருத்துவர் முடிவு செய்துவிட முடியாது. மருத்துவர் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே அறிவிக்கும். கண்தானம் வேறு, இதயம் நின்று இறந்தவரும் கொடுக்கலாம், 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும்.

தானம் செய்ய விருப்பமா? நோட்டோ இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் உறுதிமொழி பதிவாகிவிடும். சில நிமிட வேலைதான். ஆனால் பதிவு மட்டும் போதாது. அந்த நேரத்தில் குடும்பத்தார் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 'அவருக்கு இதில் விருப்பம் இருந்துச்சா?' என்று தெரியாமல் வீட்டார் தவிப்பது அப்போதுதான். சான்றிதழ் வந்ததும் அதை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். சாப்பிடும்போது வாய்விட்டும் சொல்லிவிடுங்கள்.