பிள்ளைகளின் தட்டைப் பாதம்: பெற்றோர் அறிய வேண்டியவை

கோவில் வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வரும் பிள்ளைகளின் ஈரச் சுவடுகளைக் கவனியுங்கள். சிலரின் சுவடு நடுவில் ஒடுங்கியிருக்கும். சிலரின் சுவடோ குதிக்கால் முதல் விரல்கள் வரை முழுவதுமாகப் பதிந்திருக்கும். பின்னதையே தட்டைப் பாதம் என்கிறோம். சப்பாத்துக் கடையில் யாராவது இதைச் சுட்டிக்காட்டியதும் பல பெற்றோர் கலங்கிப் போகிறார்கள். நான் கணக்காளன், வைத்தியன் அல்லன். ஆயினும் வாசித்து அறிந்தவற்றை இங்கு தொகுத்துத் தருகிறேன்.

ஏன் தட்டையாக இருக்கிறது?

கைக்குழந்தைகளின் பாதம் தட்டையாகவே தோன்றும். உள்ளங்காலில் கொழுப்பு திரண்டிருக்கும். எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் இளகியிருக்கும். வளர வளர, பெரும்பாலானோருக்குப் பத்து வயதுக்குள் வளைவு உருவாகிவிடும். சிலருக்கு ஆயுள் முழுவதும் தட்டையாகவே இருக்கும். அது பரம்பரையாகவும் வருவதுண்டு. கனடாவில் சுமார் 3,600 படைவீரர்களின் பாதங்களை ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட அறிக்கை, இளகிய தட்டைப் பாதம் மட்டும் இருந்தால் அது இயலாமைக்குக் காரணமல்ல என்று கண்டது. அத்துடன் குதிநாணும் இறுகியிருந்தவர்களே சிரமப்பட்டனர்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை

பிள்ளையை வெறுங்காலுடன் நிற்கவிட்டு, நுனிக்காலில் எழும்பச் சொல்லுங்கள். பின்னால் இருந்து பாருங்கள். வளைவு தோன்றி, குதிக்கால் உட்பக்கம் திரும்பினால் அது இளகிய தட்டைப் பாதம். நோவு இல்லையென்றால் வைத்தியம் தேவையில்லை. நுனிக்காலில் நின்றும் தட்டையாகவே இருந்தால் அது விறைத்த தட்டைப் பாதம். பாத எலும்புகள் பிறவியிலேயே ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

விசேட சப்பாத்து வேண்டுமா?

1989இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இளகிய தட்டைப் பாதமுள்ள சிறுபிள்ளைகள் மூன்று வருடம் அவதானிக்கப்பட்டனர். விசேட சப்பாத்தும் உள்தட்டும் அணிந்தோருக்கும் சாதாரண சப்பாத்து அணிந்தோருக்கும் இடையே வித்தியாசம் காணப்படவில்லை. நோவுள்ள பிள்ளைக்கு உள்தட்டு ஆறுதல் தரலாம், வளைவை உண்டாக்காது. நோவில்லாத பிள்ளைக்கு, கால் வளரும்போதெல்லாம் புதிதாக வாங்க வேண்டிய வீண் செலவு அது.

வெறுங்கால் நடை குறித்தும் ஒரு சேதி உண்டு. இந்தியாவில் 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை எடுத்து 1992இல் வெளியிட்ட ஆய்வின்படி, காலணி அணிந்தோரில் 8.6 வீதத்தினருக்கும் அணியாதோரில் 2.8 வீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. எனவே வீட்டுக்குள் பிள்ளைகளை வெறுங்காலுடன் ஓடவிடுங்கள்.

வைத்தியரிடம் காட்ட வேண்டியவை

1. பாதத்திலோ கணுக்காலிலோ நோவு, நொண்டுதல்
2. நுனிக்காலில் நின்றும் வளைவு தோன்றாமை
3. ஒரு பாதம் மட்டும் தட்டையாக இருத்தல்
4. முழங்காலை மடக்காமல் பாதத்தை மேல்நோக்கி வளைக்க முடியாமை
5. அடிக்கடி கணுக்கால் சுளுக்குதல்

பாதம் தட்டை என்பதற்காக மட்டும் பிள்ளையைப் பரதநாட்டியத்திலிருந்தோ உதைபந்தாட்டத்திலிருந்தோ நிறுத்த வேண்டாம். அதேவேளை, "கால் நோகுது" என்று மீண்டும் மீண்டும் சொல்லும் பிள்ளையை "வளருகிற வயது, அப்படித்தான்" என்று தட்டிக் கழிக்கவும் வேண்டாம். விறைத்த பாதத்தின் நோவு பெரும்பாலும் 8 முதல் 16 வயதுக்குள்தான் தலைகாட்டும். பார்க்க வேண்டியது பாதத்தின் தோற்றத்தை அல்ல, நோவையும் விறைப்பையுமே.