ஆவணப் புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார்

மாணவர்களே, "நான் விரும்பும் தொழில்" என்னும் கட்டுரைக்குப் புகைப்படக் கலையைத் தெரிவுசெய்வோர் பெரும்பாலும் கலியாண வீட்டு அல்பத்துடன் நின்றுவிடுகின்றனர். வேறு சிலர், ஒரு படம் ஆயிரம் சொற்களுக்குச் சமம் என்று தொடங்குகின்றனர். அந்த வரியைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. எனவே இங்கு உண்மையான ஒருவரைப் பற்றிப் பார்ப்போம்.

பழனிக்குமார் மதுரையைச் சேர்ந்தவர். தாயார் மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். பொறியியல் படித்த மகனோ கமராவைக் கையில் எடுத்தார். மீன் விற்கும் தாயையே பல காலமாகப் படம் பிடித்தார்.

ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். செய்திப் படப்பிடிப்பாளர் சம்பவ இடத்துக்குச் சென்று, அன்று மாலையே படத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிடுவார். ஆவணப் புகைப்படக் கலைஞர் அதே மக்களிடம் மீண்டும் மீண்டும் செல்வார். அவர்களின் பெயர், தொழில், வீட்டு நிலைமை யாவும் படத்துடன் சேர்ந்து பதிவாகும்.

இப்பதிவு எதற்கு? மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதை இந்தியா 1993இலும் 2013இலும் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் அதன் பின்னரும் தொழிலாளர் மலக்குழியில் இறங்கி நச்சுவாயுவால் மாண்டனர். 1993 முதல் இவ்வாறு இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் இந்திய ரூபா வழங்குமாறு 2014இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆனால் மரணம் எங்கும் பதிவாகாவிட்டால் நட்டஈட்டை எதைக் காட்டிக் கேட்பது?

திவ்யபாரதி இயக்கிய "கக்கூஸ்" (2017) என்னும் ஆவணப்படம் இத்தொழிலாளரைப் பற்றியது. ஒளிப்பதிவு பழனிக்குமார். பெயரைச் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு எழும். படத்தைப் பார்த்தவர் சிரிப்பதில்லை.

நமது மன்னாருக்கு எதிர்க்கரையில், இராமநாதபுர மாவட்டத்தில், கடலில் மூழ்கிப் பாசி சேகரிக்கும் பெண்களையும் அவர் பதிவுசெய்தார். 2014இல் பி. சாய்நாத் தொடங்கிய "பாரி" இணைய ஆவணகம் அவரது படங்களை வெளியிட்டது. 2022இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. விருதை விட, உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு அவர் படம் பிடிக்கப் பழக்குவதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

வரலாற்றுப் பாடத்தில் கைத்தொழிற் புரட்சி படித்தவர்கள் லூயிஸ் ஹைனையும் சேர்த்து எழுதலாம். 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் வேலை செய்த சிறுவரைப் படம் பிடித்தவர் அவர். தமது சட்டைப் பொத்தான்களை அளவாகக் கொண்டு பிள்ளையின் உயரத்தைக் கணித்துக் குறித்துவைத்தார். முதலாளி வயதைக் கூட்டிச் சொன்னாலும் அந்தக் குறிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

பயிற்சி

1. செய்திப் படத்துக்கும் ஆவணப் படத்துக்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.

2. அதிகாலையில் கொட்டாஞ்சேனையில் வீதி கூட்டும் நகர சுத்தித் தொழிலாளி ஒருவரைப் படம் பிடிக்க விரும்புகிறீர்கள். கமராவை உயர்த்தும் முன் அவரிடம் என்ன கேட்பீர்கள்? அவர் மறுத்தால் என்ன செய்வீர்கள்? 8 வசனங்களில் எழுதுக.