நேரம் தவறிய மழை



"நம்ம நாட்டுல கோடைக்காலம் ஏது? வருஷம் முழுக்க வெயிலும் மழையும்தானே!" நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மார்ச் விடுமுறையில், அலோர் ஸ்டாருக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் இருக்கும் வகுப்பு நண்பனின் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பாவின் வயலில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

"கிணறு தோண்டலாமே, பாக்சிக்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஒரு வயலுக்குத் தோண்டலாம். இத்தனை வயலுக்கும்? ரெண்டு போகத்துல ஒன்னு போனா, எங்களுக்குப் பாதி வருமானம் போச்சு."

பொறியியல் படிக்கிறேன் என்று பெருமையாகச் சொன்ன எனக்குப் பதில் வரவில்லை. திரும்பி வந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே பகிர்கிறேன்.

மழை எங்கே போகிறது?

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். கிளந்தான், திரெங்கானுவில் வெள்ளம் வருவது இதனால்தான். தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டும்போது அந்தக் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. அதனால் ஜனவரி, பிப்ரவரியில் கெடாவும் பெர்லிஸும் காய்கின்றன. இது ஆண்டுதோறும் நடப்பது, விவசாயிக்குப் பழக்கமானது.

எல் நினோ வந்தால்தான் சிக்கல். பசிபிக் கடலின் சூடான நீர் கிழக்கே நகரும். மழைமேகமும் அதோடு போய்விடும். நம் வறட்சி நீளும். 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸின் சுப்பிங்கில் வெப்பம் 40.1 பாகையைத் தொட்டது. 2016 ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் வெயிலால் பள்ளிகளையே மூடினார்கள்.

அணை இருக்கிறதே?

மூடா சமவெளியில் முன்பு பெரும்பாலும் ஒரு போகம்தான். மூடா, பெடு அணைகள் வந்த பிறகு, 1970 முதல் இரண்டு போகம் விளைகிறது. மூடா அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெடுவுக்குப் போகிறது. அருமையான பொறியியல்! ஆனால் அணை மழையை உண்டாக்காது. பெய்ததைச் சேர்த்து வைத்து, பிறகு தரும், அவ்வளவுதான். மழை நேரம் தவறினால் விதைப்பு தள்ளிப்போகும். அறுவடையும் அடுத்த போகமும் கூடவே தள்ளிப்போகும்.

சூடும் ஓர் எதிரி

தண்ணீர் இருந்தாலும், நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெடும்; கதிர் பதராகும். இரவுச் சூடும் பொல்லாதது. பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகத்தின் வயல்களில் செய்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 பாகை கூடினால் விளைச்சல் 10 விழுக்காடு குறைவதாக அது காட்டியது.

என்ன செய்யலாம்?

அதே கழகம் பரப்பும் எளிய வழி ஒன்று உண்டு. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைக்க வேண்டும். அதற்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் நேரத்தில் மட்டும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். இதனால் 30 விழுக்காடு வரை தண்ணீர் மிச்சமாகும்.

உற்சாகமாக பாக்சிக்குக்குப் போன் செய்தேன். "நல்லதுதான். ஆனா வயல் சமமா இருக்கணும், கேட்கிற நேரத்துல வாய்க்கால்ல தண்ணி வரணும், களையும் கூடும். அதுக்கெல்லாம் வழி கண்டுபிடிச்சிட்டு வா," என்றார். என் படிப்புக்கு அன்றுதான் ஒரு வேலை கிடைத்தது போல இருந்தது.

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்த ஆண்டே நம் கடைகளில் உள்ளூர் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கெடாவின் வெடிப்பு நம் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும்.

கலந்து பேசுவோம்

1. வரும் பொங்கலுக்கு உங்கள் வீட்டுப் பானையில் போடும் அரிசி எங்கே விளைந்தது? பையைத் திருப்பிப் பாருங்கள்.
2. நீங்கள் படிக்கும் துறையால் பாக்சிக்கின் மூன்று சிக்கல்களில் எதைத் தீர்க்க முடியும்?